கிரேட் 3 எண்டு ஒரு வரி எழுதித் தந்த ஸ்கேன் சென்டரும், அத விளங்கப்படுத்தின மற்ற இடமும்

புள்ளைக்கு மூணு மாசம் ஆகப்போகுது, இத எழுதணும் எண்டு அண்டைக்கே நினைச்சன், கை ஓயல்ல, இண்டைக்குத்தான் புள்ள ஒள்ளுப்பம் நேரம் நித்திரையா இரிக்கான். மட்டக்களப்பு டவுனுக்குள்ள இரிக்கிற ஒரு பிரைவேட் ஸ்கேன் சென்டர், மறுகா கல்முனைப் பக்கம் இரிக்கிற ஒரு சின்ன ஸ்கேன் இடம், இந்த ரெண்டுக்கும் ஒரே கிழமைக்குள்ள போனன். பாத்தது ஒரே வயிறு, ஒரே புள்ள, ஒரே நஞ்சுக்கொடி. கிரேட் 3 எண்டு எழுதினது அந்த நஞ்சுக்கொடியப் பத்தித்தான், நஞ்சு எண்டு நான் கீழ சொல்லுறதும் அதத்தான். ஒரு இடத்தில இருந்து அழுதுகொண்டு வந்தன், மற்ற இடத்தில இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டமாதிரி வந்தன். ரெண்டுக்கும் பேர் போடல்ல, பேரப் போட்டா இடத்தப் பத்தித்தான் சண்டை வரும், எனக்குச் சொல்ல வேண்டிய விசயம் வேற.

எங்கட வீடு படுவான்கரையில, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. இது ரெண்டாவது புள்ள. இவர் கட்டாரில, நானும் மாமியும் மூத்த மகளும்தான் வீட்டில. மாசாமாசம் கிளினிக்குக்குப் போறன், மிட்வைப் மிஸ் வயித்த டேப்பால அளந்து கார்ட்டில எழுதுவா. 20 வாரத்துக்கு மேல வாரக் கணக்கும் சென்ரிமீட்டர் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்டா வரணும், 34 வாரத்தில எனக்கு 31தான் வந்திச்சு. மிஸ் பயப்படுத்தல்ல, புள்ளையிட வளர்ச்சிய ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பாப்பம் எண்டு சொல்லி பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தா. ஆஸ்பத்திரியில அடுத்த கிழமைக்குத்தான் திகதி கிடைச்சிச்சு. எனக்கு ஒரு கிழமை பொறுக்க ஏலாமப் போச்சு, சனிக்கிழமை பின்னேரமே மாமியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனன்.

முதல்ல நல்லதச் சொல்லணும். அந்த டவுன் சென்டர் துப்பரவெண்டா அப்பிடியொரு துப்பரவு. ஏசி, கதிரைக்கு மெத்தை, தண்ணி வச்சிரிக்காங்க, டொய்லட் ரெண்டு, ரெண்டிலயும் தண்ணி வருது, சவர்க்காரம் இரிக்கு. வயித்தில புள்ளையோட மணிக்கணக்கா இருக்கிற ஆளுக்கு டொய்லட் எவ்வளவு முக்கியம் எண்டு போனவங்களுக்குத்தான் தெரியும். படியில்லாம ஏறிப்போகச் சரிவும் கட்டியிரிக்காங்க. காசு 3500, ரிசீட் தந்தாங்க. கவுண்டரில நிக்கிற பிள்ளைகள் மரியாதை. 3 மணிக்குப் போய் நம்பர் எடுத்தன், 27ம் நம்பர். டொக்டர் வெளி மாவட்டத்தில இருந்து வாறவராம், அவர் வந்து சேர 5 மணி தாண்டிச்சு. எனக்குப் பக்கத்தில காத்தான்குடி ராத்தா ஒராள் இருந்தவ, அவவுக்கு அஞ்சாவது புள்ள, “தங்கச்சி, கால நீட்டி வைங்க, வீங்கிப்போகும்” எண்டு தன்ட பேக்க எடுத்துக் கீழ வச்சு என்ட காலுக்கு முட்டுக் குடுத்தா. அந்த மனுசிய நான் மறக்கமாட்டன்.

7 மணிக்குக் கிட்டத்தான் என்னக் கூப்பிட்டாங்க. உள்ள இருந்தது மிஞ்சிப்போனா ஆறு ஏழு நிமிசம். டொக்டர் கோபக்காரரும் இல்ல, முகத்தச் சுழிக்கவும் இல்ல, ஆனா ஸ்கிரீன் முழுக்க அவர்ட பக்கம் திரும்பி இருந்திச்சு, எனக்குத் தெரிஞ்சது முகட்டு லைட் மட்டும்தான். அவர் பக்கத்தில எழுதுற பிள்ளைக்கு இங்கிலீசில நம்பர் நம்பராச் சொல்லிக்கொண்டே போனவர். நடுவில ஒரு இடத்தில கைய நிப்பாட்டி, திருப்பி அதே இடத்த அழுத்திப் பாத்து, “கிரேட் திரீ” எண்டவர். நான் “என்ன டொக்டர்” எண்டு கேட்டன். அவருக்குத் தமிழ் குறைவு, எனக்குச் சிங்களம் அத விடக் குறைவு, அவர் சிரிச்சு “பேபி ஓகே, டொக்டர்ட்டக் காட்டுங்க” எண்டு சொன்னவர். அவ்வளவுதான். ஜெல்லத் துடைக்க டிசு தந்தாங்க, அடுத்த நம்பரக் கூப்பிட்டாங்க. பத்து நிமிசத்தில கவுண்டரில என்வலப் வந்திச்சு.

பஸ்ஸில மண்முனைப் பாலத்தால வரக்குள்ள போன் வெளிச்சத்தில ரிப்போட்ட விரிச்சன். முழுக்க இங்கிலீஸ். நான் ஏஎல் வரைக்கும் படிச்சவள், எழுத்துக்கூட்டி வாசிப்பன், ஆனா அதில பாதி சுருக்கெழுத்து. எனக்கு விளங்கின ஒரே வரி பிளசென்டா முன்பக்கம், கிரேட் 3, கல்சிபிகேசன் இரிக்கு எண்டதுதான். நஞ்சுக்கொடியில கல்சியம் படிஞ்சிரிக்கு. படிப்பில அதுக்குச் சூல்வித்தகம் எண்டு பேர், புள்ளைக்குச் சாப்பாடும் காத்தும் அதால போகுது எண்டு படிச்சது ஞாபகம் இரிக்கு, அதில கல்லு பிடிச்சா புள்ளைக்கு என்ன போகும்? இதுதான் என்ட மண்டைக்குள்ள ஓடினது. கிரேட் 3 எண்டா மூணாம் கட்டம் எண்டு நினைச்சன், புத்துநோய்க்கெல்லாம் அப்பிடித்தானே சொல்லுவாங்க. பஸ்ஸுக்குள்ள மாமிட தோளில சாஞ்சு அழுதன், அந்த மனுசிக்கு என்ன ஏது எண்டு சொல்லக்கூட என்னால ஏலல்ல.

அதுக்குப் புறகு வந்த நாலு நாளைப் பத்தி நிறையச் சொல்ல விருப்பமில்ல. வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஒவ்வொண்டு சொன்னாங்க. கிளினிக்கில தாற கல்சியம் குளிசைதான் போய்ப் படிஞ்சிரிக்கு, அத நிப்பாட்டு எண்டு ஒராள். நெத்தலி சாப்பிடாத, தயிர் சாப்பிடாத எண்டு இன்னொராள். கறுவப்பங்கேணியில இரிக்கிற மச்சாள் போனில, உடனே வெட்டி எடுக்கச் சொல்லிக் கேள் எண்டா. எல்லாரும் என்னில உள்ள பாசத்திலதான் சொன்னாங்க, அதில எனக்குக் கோபமில்ல. ஆனா நான் நாலு நாள் கல்சியம் குளிசை போடல்ல. தயிரும் தொடல்ல. புள்ள துடிக்குதா துடிக்குதா எண்டு ராத்திரியில வயித்தில கைய வச்சுக்கொண்டே கிடந்தன். கட்டாரில இவருக்கும் நித்திரை இல்ல, வேலைக்குப் போய் நிண்டுகொண்டே போன் எடுப்பார்.

புதன்கிழமை மிட்வைப் மிஸ் ஸ்கூட்டியில வீட்டுக்கு வந்தா. ரிப்போட்ட வாங்கிப் பாத்துத்து, முதல்ல என்ட கையப் பிடிச்சுக் கதிரையில இருத்தினா. “புள்ள, இது கல்லு இல்ல. நஞ்சுக்கு வயசு போகுது, நமக்கு முடி நரைக்கிற மாதிரி. கொஞ்சம் வேளைக்கு நரைச்சிரிக்கு எண்டு எழுதியிரிக்கான், அதுதான், அதுக்காக ஒருக்கா வடிவாப் பாக்கணும்” எண்டு சொன்னா. குளிசைய விட்டது எண்டு சொன்னதும் மட்டும் ஏசினா. இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் சேத்துப் போடாம, ஒண்டு காலையில, ஒண்டு ராத்திரியில எண்டு பிரிச்சுப் போடச் சொல்லி, அண்டைக்கு ராத்திரியே தொடங்க வச்சா. மறுகா பிரசர் பாத்தா, 110க்கு 70. காலில வீக்கம் பாத்தா. தான் அறிஞ்ச ஒரு இடம் கல்முனைப் பக்கம் இரிக்கு, அங்க இரத்த ஓட்டம் பாக்கிற டொப்ளரும் இரிக்கு, விளங்கப்படுத்துவாங்க, ஆஸ்பத்திரித் திகதி வாற வரைக்கும் இப்பிடிக் கிடந்து வேகாம நாளைக்கே போயித்து வா எண்டு சொன்னா.

வியாழன் காலையில ஓட்டோவில பட்டிருப்புப் பாலத்தால களுவாஞ்சிகுடிக்கு வந்து, அங்க இருந்து பஸ்ஸில போனம். அந்த இடம் பாக்க ஒண்டுமில்ல. ஒரு பழைய வீட்ட மாத்திக் கட்டினது, ஏசி ஸ்கேன் அறைக்குள்ள மட்டும்தான், வெளிய காத்தாடி, பிளாஸ்டிக் கதிரை, ஆளுக்கு மிஞ்சின கூட்டம். டொய்லட் ஒண்டுதான், அதுவும் பின் வளவுக்குள்ள நடந்து போகணும், படி ரெண்டு இரிக்கு, மழை நேரம் வழுக்கும், இத அவங்க கட்டாயம் திருத்தணும், நிறைமாசக்காரி விழுந்தா யாரு பொறுப்பு? காசு டொப்ளரோட சேத்து 4800. சனிக்கிழமை குடுத்ததோட சேத்தா எங்களுக்கு இது பெரிய காசு. ஆனா உள்ள 20 நிமிசத்துக்கு மேல இருந்தன்.

அங்க பாக்கிறது ஒரு வயசான டொக்டர், தமிழ். கட்டிலில படுத்தா நேர் எதிர்ச் சுவரில இன்னொரு டிவி மாட்டியிரிக்கு, தாய் பாக்கிறதுக்கெண்டே. மாமியையும் உள்ள விட்டாங்க. முதல்ல அவர் கேட்டது “என்ன பயம், சொல்லுங்க மகள்” எண்டுதான், மெசின இன்னும் தொடவே இல்ல. நான் பழைய ரிப்போட்டக் குடுத்தன். அத அவர் மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சார், மேசையில வச்சார், மறுகா ஸ்கேனத் தொடங்கினார்.

நஞ்சக் காட்டினார். எனக்கு அது சாம்பல் நிறத்தில ஒரு தடிச்ச தோசை மாதிரித் தெரிஞ்சிச்சு. “இந்தப் பக்கம் புள்ளையப் பாத்திருக்கு, அந்தப் பக்கம் கர்ப்பப்பைச் சுவரில ஒட்டியிருக்கு. சின்னதா இருக்கக்குள்ள முழுக்க ஒரே சீரா இருக்கும், அத 0 எண்டுவம். வெள்ளைப் புள்ளி கொஞ்சம் வந்தா 1. புள்ளையிட பக்கத்தில இருந்து கமா மாதிரி வளைஞ்ச கோடு உள்ளுக்கு இறங்கினா 2. அந்தக் கோடு மற்றக் கரை வரைக்கும் போய்ச் சேந்து, தோடம்பழத்தக் குறுக்கால வெட்டினா சுளை சுளையாத் தெரியுமே, அப்பிடித் தெரிஞ்சா 3” எண்டு விரலால வரைஞ்சு காட்டினார். அந்த வெள்ளைக்கோடுதான் கல்சியம். 39 வாரத்துக்குப் பக்கம் வந்தா 3 எண்டது வழமையான விசயம், புள்ள பிறக்கிற நேரம் நஞ்சு பழுத்திரிக்கு, அவ்வளவுதான். எனக்கு அண்டைக்கு 35 வாரம். என்டதில கோடு சில இடத்தில பாதி வழியில நிண்டிச்சு, ஒரே ஒரு மூலையில மட்டும் அடி வரைக்கும் போனமாதிரி இருந்திச்சு. “அவர் இந்த மூலையப் பாத்து 3 எண்டு எழுதியிருப்பார், நான் முழுக்கப் பாத்து 2 எண்டு எழுதுவன். ரெண்டு பேரும் பிழையில்ல. ஒரே படத்த ரெண்டு பேர் பாத்தா ரெண்டு கிரேட் சொல்லுறது நடக்கிறதுதான்” எண்டு சொன்னவர். முதல் டொக்டர விட்டுக்குடுக்காமக் கதைச்சது எனக்கு மிச்சம் பிடிச்சிச்சு.

மறுகா டொப்ளர். தொப்புள்கொடியில வச்சதும் சிவப்பும் நீலமுமா நிறம் வந்திச்சு, சத்தத்தக் கூட்டி வைச்சார், கல்லடிக் கடக்கரையில இருந்து அலை கேக்கிற மாதிரி வந்து வந்து போகுது. கீழ வாள் பல்லு மாதிரி ஒரு கோடு ஓடிச்சு. “இந்தப் பல்லுதான் புள்ளையிட இதயம் தள்ளுற இரத்தம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலயும் கோடு தரையத் தொடாம மேலயே நிக்குது பாருங்க, அதுதான் எனக்கு வேணும். நஞ்சு உண்மையில வேலை செய்யாம இறுகிப்போயிருந்தா அந்த நடுப்பகுதி குறைஞ்சு தரைக்கு வந்திரும், இன்னும் மோசமானா தலைகீழாப் போகும். உங்கட நஞ்சு எந்த நிறத்தில இருந்தாலும் வேலை செய்யுது.” இதச் சொன்னதும் மாமி கையெடுத்துக் கும்பிட்டா, தான்தோன்றீஸ்வரருக்கு நேத்தி வச்சவவாம், எனக்கே அண்டைக்குத்தான் தெரியும்.

அதுக்குப் புறகு அவர் செஞ்ச வேலைக்காகத்தான் நான் இத எழுதுறன். மேசையில வச்ச பழைய ரிப்போட்ட எடுத்து, பேனையால நாலு இடத்தில வட்டம் போட்டார். புள்ளையச் சுத்தி இரிக்கிற தண்ணி 11 சென்ரிமீட்டர், 5க்கும் 25க்கும் நடுவில இருந்தாச் சரி. இதயத்துடிப்பு 142, சரி. தலை கீழ இரிக்கு, சரி. நிறை 2050 கிராம், ஒள்ளுப்பம் சின்னப் புள்ள, ஆனா வாரத்துக்குரிய அளவுக்குள்ளதான். இதெல்லாம் அந்த என்வலப்புக்குள்ள முதல் நாளே இருந்திருக்கு! நல்ல செய்தி நாலு, யோசிக்க வேண்டிய செய்தி ஒண்டு, நாலு நாளா நான் அந்த ஒண்டோட மட்டும் கிடந்திருக்கன். முதல் சென்டர் மெசினிலயும் பிழை விடல்ல, அளவிலயும் பிழை விடல்ல. வாய் திறந்து ரெண்டு நிமிசம் தமிழில சொல்ல அங்க ஒராள் இல்ல, அதுதான் குறை, ஆனா அது சின்னக் குறை இல்ல, அதால நான் குளிசைய விட்டன், சாப்பாட்ட விட்டன், நித்திரைய விட்டன்.

குளிசையப் பத்தி அவர்ட்டயும் கேட்டன், ஏனெண்டா ஊரில இந்தக் கதை நிறைய ஓடுது. கல்சியம் குளிசை போட்டதால நஞ்சில படிஞ்சது எண்டு எடுக்க ஏலாது, குளிசைய விட்டா படியிறது நிக்கும் எண்டும் இல்ல எண்டு சொன்னவர். புள்ள பிறக்கக்குள்ள அதிட உடம்பில கிட்டத்தட்ட 30 கிராம் கல்சியம் சேந்திருக்கும், அதில பெரும்பங்கு கடைசி மூணு மாசத்திலதான் போகுது, தாய் சாப்பிடாட்டி தாய்ட எலும்பில இருந்து எடுக்கும். அது மட்டுமில்ல, கல்சியம் குறைவாச் சாப்பிடுற நாடுகளில கர்ப்பிணிமாருக்கு ஒரு நாளைக்கு 1.5 கிராமில இருந்து 2 கிராம் வரைக்கும் கல்சியம் குடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சொல்லியிரிக்கு, பிரசர் கூடி வலிப்பு வரைக்கும் போற நோய் வராமக் குறைக்கிறதுக்கு. அந்த நோய் வந்தா நஞ்சு உண்மையாப் பழுதாகலாம். எவ்வளவு குளிசை எண்டது உங்கட கிளினிக் தாற கணக்குத்தான், ஆனா யாரும் வாசலில நிண்டு சொன்னதக் கேட்டு நிப்பாட்டாதீங்க தங்கச்சிமாரே, நான் செஞ்சத நீங்க செய்யவேணாம். நெத்தலியும் முருங்கை இலையும் தயிரும் நல்லாச் சாப்பிடுங்க.

வீட்ட வந்த புறகு இந்த கிரேட் கணக்கு எங்க இருந்து வந்தது எண்டு தேடி வாசிச்சன். 1979ல அமெரிக்காவில யேல் பல்கலைக்கழகத்தில கிரானம் எண்ட டொக்டரும் கூட வேலை செஞ்சவங்களும் போட்ட கணக்கு இது. அப்ப அவங்களுக்கு இருந்த பிரச்சினை வேற. புள்ளைய வேளைக்கு எடுக்க வேண்டி வந்தா சுவாசப்பை முத்திட்டுதா எண்டு பாக்கணும், அதுக்குத் தாயிட வயித்தில ஊசி குத்தித் தண்ணி எடுக்கணும், அப்பிடிக் குத்தாம நஞ்சப் பாத்தே கண்டுபிடிக்கலாமா எண்டு பாத்தாங்க. கிரேட் 3 வந்தாச் சுவாசப்பை முத்தியிருக்கும் எண்டு அப்ப நினைச்சாங்க, புறகு அத நம்பி முடிவெடுக்க ஏலாது எண்டு விட்டுட்டாங்க. ஆக இந்த 0, 1, 2, 3 வந்ததே ஆபத்த அளக்கிறதுக்கு இல்ல. 3 எண்டத வாசிச்சு நான் நினைச்ச மூணாம் கட்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இந்த ஒரு விசயத்த அண்டைக்குப் பஸ்ஸுக்குள்ள யாரும் சொல்லியிருந்தா!

அதுக்காக இத அலட்சியமா விடச் சொல்லவும் இல்ல, பயப்படாதீங்க எண்டு சொல்லிப் போட்டு நான் பேசாம இருந்தா அதுவும் பிழை. அந்த டொக்டரும் ஒண்டுமில்ல எண்டு தட்டிவிடல்ல. 32 வாரத்துக்கு முன்னமே கிரேட் 3 எண்டு வந்தா அத வேற மாதிரிப் பாக்கணுமாம், புள்ள வளராமப் போறது, பிரசர் கூடுறது இதுகளோட அது சேந்து வாறது கூடவாம். சிகரெட் குடிக்கிற தாய்மாருக்கு வேளைக்கே படியிறது காணுற விசயம். புள்ள சின்னதா, தண்ணி குறைவா, பிரசர் கூடவா, டொப்ளர் பிழையா, புள்ள அசையிற துடிப்புக் குறைஞ்சிச்சா, இதில ஒண்டு சேந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். எனக்கு அந்த அசையிற துடிப்ப எண்ணச் சொன்னவர், கார்ட்டிலயே அதுக்கு இடம் இரிக்கு, மிஸ் முன்னமே சொல்லித் தந்ததுதான், ஆனா ஏன் எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சு. காலம 9 மணிக்குத் தொடங்கி 10 துடிப்பு. ராத்திரி 9 மணிக்குள்ள 10 வராட்டி, இல்லாட்டி வழமையா மத்தியானத்துக்குள்ள வாறது பின்னேரமாகியும் வராட்டி, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காம உடனே ஓட்டோ பிடி. எங்கட பக்கம் ராத்திரியில வாகனம் கிடைக்கிற கஷ்டம் தெரியும்தானே, அதனால பக்கத்து வீட்டு ஓட்டோத் தம்பிட நம்பர போனில முதலாவதாப் போட்டு வச்சன். அம்மா என்னப் பெறப் போனது பாலம் கட்ட முந்தின காலம், பாதை எண்டு சொல்லுற மிதவையில ஏறித்தான் ஆத்தக் கடந்தவவாம், ராத்திரியில அதுவும் ஓடாது. அத நினைச்சா எனக்குக் கிடைச்சது எவ்வளவோ.

இன்னொண்டு, புள்ள வளருதா எண்டு திருப்பி அளக்க ரெண்டு கிழமையாவது இடைவெளி விடணும், ஸ்கேன் நிறையில 10, 15 வீதம் அங்கால இஞ்சால வரும், மூணு நாளைக்கு ஒருக்கா ஓடித்திரிஞ்சாக் காசும் மனசும்தான் போகும் எண்டும் சொன்னவர். தன்ட வருமானத்த விட்டுக்குடுத்துச் சொல்லுற சொல்லு அது. என்ன அடுத்த ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னவர், அங்க காசில்ல, விஓஜி எண்ட பெரிய மகப்பேற்று டொக்டரும் பாப்பார், புள்ளையிட இதயத்துடிப்ப சிடிஜி மெசினிலயும் பிடிப்பாங்க எண்டு. ஆஸ்பத்திரித் திகதியையும் இந்த டொக்டர்ட ரிப்போட்டக் காட்டித் தள்ளிப்போட்டாங்க. அங்க 37 வாரத்தில 2.5 கிலோ எண்டு வந்திச்சு, டொப்ளர் சரி, சிடிஜி சரி.

38 வாரமும் 4 நாளும், தானா வலி வந்து, சுகப்பிரசவம். 2 கிலோ 750. அழுத அழுகையில லேபர் ரூமே திரும்பிப் பாத்திச்சு.

நஞ்சு வந்த புறகு நான் அங்க நிண்ட மிஸ்ஸிட்ட, அதப் பாக்கலாமா எண்டு கேட்டன். எல்லாரும் அதக் கேக்கிறதில்லையாம், ஏன் எண்டு கேட்டா, இந்தக் கதையச் சொன்னன். அவ ஒரு தட்டில வச்சுத் திருப்பிக் காட்டினா. அரைக்கிலோவுக்குக் கிட்ட வரும், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு, புள்ளையிட பக்கம் நீலமும் வெள்ளையுமா மினுங்குது, நரம்பு வேர் மாதிரி ஓடியிரிக்கு. தாயிட பக்கம் ஈரல் நிறம், பாத்தி பாத்தியாப் பிரிஞ்சிரிக்கு, அதுக்கு மேல அங்கயிங்க வெள்ளையா, உப்புத் தூவினமாதிரி. கையுறை போட்ட விரலால அவ தடவினா, “மணல் மாதிரி நறநறண்டு இருக்கு பாருங்க” எண்டா. அவ்வளவுதான் அது. கடக்கரையில நடந்துத்து வந்தாக் காலில ஒட்டியிருக்குமே, அந்த அளவு மணல். ஒம்பது மாசம் என்ட புள்ளைக்கு சோறும் தண்ணியும் காத்தும் குடுத்து, தான் பழுத்துப்போய்க் கிடந்த அதப் பாக்கக்குள்ள எனக்குக் கண்ணீர் வந்திச்சு. அம்மம்மா காலத்தில வீட்டுப் பேறு, நஞ்ச முட்டியில போட்டு வளவுக்குள்ள தாட்டு வைப்பாங்களாம், நாய் தோண்டாம மேல கல்லும் வைப்பாங்களாம். அத ஏன் அப்பிடி மதிச்சாங்க எண்டு எனக்கு விளங்கினமாதிரி இருந்திச்சு.

போன மாசம் புள்ளைக்கு ஊசி போட டவுனுக்குப் போன நேரம் அந்த முதல் சென்டருக்கும் ஏறிப்போனன். சண்டைக்கு இல்ல. மனேஜர் எண்டு இருந்தவர்ட்ட சொன்னன், ஐயா உங்கட இடம் வடிவா இரிக்கு, மெசின் நல்லம், ஆனா தமிழ் வாசிக்கிற தாய்மார்தான் இஞ்ச முக்கால்வாசி வாறது, ஒரு ஏ4 பேப்பரில தண்ணி எவ்வளவு இருக்கணும், இதயத்துடிப்பு எவ்வளவு, நஞ்சு கிரேட் எண்டா என்ன எண்டு தமிழில அடிச்சு ரிப்போட்டோட வைங்க, இல்லாட்டி ஓய்வுபெற்ற மிட்வைப் மிஸ் ஒராளப் பின்னேரத்தில ஒரு கதிரையில இருத்துங்க, கூடச் 100 ரூபா எடுத்தாலும் நாங்க தருவம். அவர் கேட்டு எழுதினவர். செய்யிறாங்களா இல்லையா எண்டு இன்னும் தெரியா, செஞ்சா இதிலயே வந்து எழுதுவன், அது என்ட கடமை.

மார்க் போடுறதெண்டா முதல் இடத்துக்கு 5க்கு 2, அது இடத்துக்கும் டொய்லட்டுக்கும். கல்முனைப் பக்கத்து இடத்துக்கு நாலரை, அந்தப் பின்வளவுப் படிக்காக அரைய வெட்டினன். அங்க போறவங்க காலம 7 மணிக்குள்ள போன் பண்ணி நம்பர் எடுங்க, 10 மணி தாண்டினா அடுத்த நாள்தான், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் புறகு பூட்டு. கிளினிக் கார்ட்டையும் பழைய ஸ்கேன் ரிப்போட் எல்லாத்தையும் கட்டாயம் கொண்டு போங்க, அவர் எல்லாத்தையும் வாசிச்சுத்துத்தான் மெசினத் தொடுவார். கடைசி மாசங்களில மூத்திரத்த அடக்கிக்கொண்டு இருக்கத் தேவையில்ல, போயித்தே படுக்கலாம். படியில இறங்கக்குள்ள மட்டும் யாரிட கையையும் பிடிச்சுக்கொள்ளுங்க.